அண்ணத்துக் கரி

அந்தக் காலத்துல நாய்க்கு வாய் இருந்துச்சு. இப்பவும் இருக்கு. ஆனா இப்ப இருக்கிறது தின்னவும் குரைக்கவும். அப்ப இருந்தது பேசுற வாய்.

மாடும் பேசுச்சு, ஆடும் பேசுச்சு, கழுதைகூடப் பேசுச்சு. ஆனா அதுக பேச்சை யாரும் சாட்சிக்கு எடுத்துக்கிட்டதில்ல. மாடு அசை போட்டுக்கிட்டே பேசும், பாதி உள்ள போயிரும். ஆடு எதைக் கேட்டாலும் "ஆமா"ங்கும். கழுதை அடிச்சாத்தான் பேசும், அடிச்சுக் கேட்ட சாட்சிய யாரு நம்புறது? நாய் பேச்சு மட்டும்தான் ஊருல செல்லுபடியாச்சு. காரணம், நாய்க்குப் பொய் வராது. அது ரொம்ப நல்லதுன்னு சொல்ல வரல. அதோட நாக்கு நேரா தொங்குற நாக்கு. பொய்க்கு வேண்டிய வளைவு அதுல இல்ல, அவ்வளவுதான்.

அதனால ஒரு வழக்கம் இருந்துச்சு. குட்டி வாங்கப் போறவன் குட்டியப் பாக்க மாட்டான், அதோட தாயப் பாப்பான். தாய் தலையில கைய வச்சு, "இது யார் பிள்ளை?"ன்னு கேப்பான். அது கிளை சொல்லும். அப்பன் இன்னார், அப்பனைப் பெத்தவ இன்னார், அவளுக்கு அப்பன் இன்னார்னு நிறுத்தாமச் சொல்லும். கேட்டவன் தலைய ஆட்டிட்டு, குட்டியத் தோளுல போட்டுட்டு நடையக் கட்டிருவான். பொண்ணு பாக்கப் போற இடத்துலகூட இவ்வளவு நம்பிக்கை கிடையாது. அங்க கிளை சொல்றது மனுசன்.

இன்னொண்ணும் தெரிஞ்சுக்கிடணும். குட்டிக்குப் பேச்சு தானா வராது. கண்ணு திறக்கிறதுக்குள்ள தாய் அதோட காதுல வாய வச்சு, பேரையும் கிளையையும் சொல்லணும். அதுக்குப் பேரு பேச்சு குடுக்கிறது. குடுத்தாப் பேசும். குடுக்காட்டி வெறுஞ்சத்தம்தான்.

கரிசக்காட்டுல ஊமத்தம்பட்டின்னு ஒரு ஊரு. அதுல பெரிய வீடு ஒண்ணு. வீட்டுக்காரர் அணைஞ்சபெருமாள். நெலம் இருந்துச்சு, நெல்லு இருந்துச்சு, ஆனா அவர் நெஞ்ச நிமித்துறது நாயை வச்சுத்தான். பால் வெள்ளையில, வில்லு மாதிரி வயிறு ஒடுங்கி, ஊசி மூஞ்சியோட அஞ்சாறு தலைமுறையா அவர் வீட்டுல மட்டும் இருந்த வேட்டை நாய். வெளி ரத்தம் ஒரு சொட்டு கலக்க விட்டதில்ல. அந்தக் கிளையில அப்ப மிஞ்சி நின்ன பொட்டை ஒண்ணே ஒண்ணு. அதோட பேரு நாச்சி.

மிஞ்சினது ஒண்ணுங்கிறதால காவல் பலமா இருந்துச்சு. வீட்டுக்குப் பின்னால ஆள் உயரத்துக்குச் சுண்ணாம்புச் சுவரு, சுவத்து மேல கருவேல முள்ளு. தண்ணி போறதுக்கு ஒரு சலதாரை, அதுலயும் குறுக்க ரெண்டு கல்லு. இதெல்லாம் போதாதுன்னு, கொல்லுப் பட்டறையில இருந்து கரித்தூள் வாங்கியாந்து, வாசலுக்கு முன்னாலயும் சலதாரைக்கு முன்னாலயும் மெத்தை கணக்கா தூவி வச்சிருந்தாரு. யாரு கால் வச்சாலும் தடம் விழும். தினமும் சாயங்காலம் வந்து, குனிஞ்சு, கரியில மூக்கு படுற அளவுக்குத் தடம் பாப்பாரு. பாத்துட்டு நாச்சி தலையில கைய வைப்பாரு.

"ஏளா நாச்சி, இன்னைக்கு யாரு வந்தா?"

"காக்கா வந்துச்சு, அய்யா. சுவத்துல உக்காந்துட்டுப் போயிருச்சு."

"எந்தக் காக்கா?"

"அதைக் கேக்கலையே, அய்யா."

"நாளைக்குக் கேட்டு வையி."

அவர் சம்சாரம் வடிவு இதைப் பாத்துட்டு ஒருநாள் சொன்னா: "நம்ம பொண்ணுக்குக்கூட நீங்க இம்புட்டுக் காவல் போடல."

"பொண்ணு இன்னொரு வீட்டுக்குப் போறவ. கிளை இங்க இருக்கிறது."

அவருக்கு ஊருல எல்லார் மேலயும் சந்தேகம் உண்டு. பால் கறக்கிறவன் மேல, வண்ணான் மேல, ராத்திரி பெய்யுற மழை மேலகூட. ஒருத்தர் மேல மட்டும் சந்தேகப்படத் தெரியாது. அது நாச்சி. அவ கிட்ட கேட்டா உள்ளதைச் சொல்லிருவா. உலகத்துல அவர் நம்புன ஒரே வாய் அதுதான்.

நாச்சிக்கும் தன்மேல ரொம்பப் பெருமை. சலதாரை ஓட்டை வழியா தெருவப் பாத்துக்கிட்டே படுத்திருப்பா. எந்த நாய் போனாலும் விட மாட்டா. "ஏலேய் நில்லு. நீ எந்தக் கிளை?" தெரு நாய்கள் பாவம், பொய் சொல்ல முடியாது, "எங்க அம்மா பேரு தெரியும், அப்பனப் பத்தி அவளுக்கே ரெண்டு அபிப்பிராயம்"னு சொல்லிட்டு வாலைச் சுருட்டிக்கிட்டுப் போகும். நாச்சி மூக்கை நிமித்திக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிடுவா. எந்த நாயா இருந்தாலும் அவளுக்கு முதல்ல சந்தேகம்தான். அந்தக் குணம் வீட்டுக்காரர்கிட்ட இருந்து ஒட்டிக்கிட்டது.

ஆனா படுத்துக் கண்ண மூடுனா அவளுக்கு வேற ஒண்ணு ஞாபகம் வரும். போன ஈத்து.

போன ஈத்துல நாலு குட்டி. அப்பன், அவளோட அண்ணன் புயலு. கிளை கலையக் கூடாதுன்னு வீட்டுக்காரர் சேத்து வச்சது. குட்டி ஒவ்வொண்ணும் வெண்ணெய்ல பிடிச்சு வச்ச மாதிரி இருந்துச்சு. நாச்சி ஆசை ஆசையா அதுக காதுல வாய வச்சுப் பேச்சு குடுத்தா. பேரு சொன்னா, கிளை சொன்னா, மறுபடியும் சொன்னா. தொண்டை கட்டுற மட்டும் சொன்னா. ஒண்ணும் திரும்பல. சொல்றவ சொன்னா, கேக்குறதுக்குத்தான் அதுகளுக்குக் காது இல்ல. பாலும் சரியாக் குடிக்கத் தெரியல. ஒண்ணு பின்னால ஒண்ணாப் போச்சு. வடிவுதான் முருங்கை மரத்தடியில குழி தோண்டிப் புதைச்சா. வீட்டுக்காரர், "எவனோ கண்ணு வச்சுட்டான்"னு சொல்லி, நாலு பேரைச் சந்தேகப்பட்டாரு.

புயலுக்கும் காது கேக்காது. அதனால அதுக்குப் பேச்சும் வரல. ஆனா அதை வீட்டுக்காரர் வெளிய சொன்னதில்ல. கூப்பிட்டும் புயல் திரும்பலைன்னா, "அதுக்குக் கவனம் பூரா வேட்டையில"ம்பாரு.

அந்த வருசம் அறுப்பு முடிஞ்சு, நிலத்துக்கு உரம் போட ஆட்டுக்கிடை வந்து இறங்குச்சு. ஊர் ஊராப் போயி வெறுங்காட்டுல ஆட்டை அடைக்கிறவங்க. அவங்க கூடவே ஒரு நாய். உடம்பு பூரா புலி வரி, எலும்பு தடிப்பு, ஒரு காது மடிஞ்சு ஒரு காது நிமிந்து, வாலு பாதியில மடங்கி, ஆட்டுக்குத் தழை ஒடிக்கிற தொரட்டிக் கம்பு மாதிரி வளைஞ்சிருக்கும். அதனால பேரே தொரட்டி.

அது சலதாரைப் பக்கம் தண்ணி நக்க வந்துச்சு.

"ஏலேய், நில்லு. நீ எந்தக் கிளை?"ன்னா நாச்சி.

தொரட்டி குடிச்சு முடிச்சிட்டு மெதுவா நிமிந்து பாத்தான். "கிளையா? எங்க அம்மா ஒரு ஊருல குட்டி போட்டா, நான் அடுத்த ஊருல கண்ணு திறந்தேன். கிளை எங்க முறிஞ்சுதோ, தெரியல, தாயி. நீங்க சொல்லுங்க, கேப்போம்."

நாச்சி தலைய நிமித்திக்கிட்டு ஆரம்பிச்சா. "நான் நாச்சி. எங்க அம்மா சிட்டாள், எங்க அப்பன் சூறை. சிட்டாளைப் பெத்தவ காத்தாயி, சிட்டாளுக்கு அப்பன் சூறை. காத்தாயியப் பெத்தவ..."

"இருங்க, இருங்க. உங்க அப்பன் யாரு?"

"சூறை."

"உங்க அம்மாவுக்கு அப்பன்?"

"சூறை."

"வேற வேற சூறையா?"

"ஒரே சூறைதான்."

தொரட்டி மடிஞ்ச காதைப் பின்னங்காலால சொறிஞ்சான். "அப்ப உங்க வீட்டுல அப்பன்னு கூப்பிட்டாலும் தாத்தான்னு கூப்பிட்டாலும் ஒரே ஆளு எந்திரிச்சு வருவாரு. நல்லது. சோறு மிச்சம்."

நாச்சிக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு. "கிளை இல்லாதவனுக்குக் கேலி ஒண்ணுதான் சொத்து. போடா!"

"போறேன், தாயி. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போறேன். உங்க பிள்ளைக எங்க?"

நாச்சிக்குப் பொய் வராது. உண்மையச் சொல்ல வாய் வரல. தொரட்டிக்குப் புரிஞ்சு போச்சு. அவன் சிரிக்கல. "எங்க அம்மாவுக்கு நாங்க ஏழு. ஏழும் இன்னைக்கு ஏழு கிடையில குரைச்சுக்கிட்டிருக்கு"ன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிட்டான்.

அன்னைக்குச் சாயங்காலம் வீட்டுக்காரர் கேட்டாரு: "யாரு வந்தா?"

"கிடை நாய் ஒண்ணு வந்துச்சு, அய்யா. தண்ணி குடிச்சிட்டு, எங்க அப்பன் பேரக் கேட்டுட்டுப் போயிருச்சு."

"கிளைய வேவு பாக்க எவனோ அனுப்பியிருக்கான்"னாரு அவரு. மறுநாள் கரித்தூளை இன்னும் ரெண்டு கூடை, சுவத்துக்கு உள்ள நிக்கிற வேப்பமரம் மட்டும் கொட்டுனாரு.

அதோட அவர் இன்னொண்ணும் சொன்னாரு. "இந்தப் பருவத்துக்கும் உனக்குப் புயல்தான், நாச்சி. என் பொண்ணுக்குச் சீர் வைக்கணும். சம்பந்தி வீட்டுல நம்ம கிளைக் குட்டி கேட்டிருக்காங்க."

நாச்சி முருங்கை மரத்தைப் பாத்தா. ஒண்ணும் சொல்லல. கேள்வியா இருந்தாத்தான பதில் சொல்றது.

பொண்ணுக்குப் பரிசம் போடுற நாள் வந்துச்சு. நல்ல வெயில் நேரம். வீட்டுக்காரர் வாசக் கரிய ஒரு தடவை, சலதாரைக் கரிய ரெண்டு தடவை சரி பாத்துட்டு, குடும்பத்தோட கோயிலுக்குப் போனாரு. புயலை நாச்சி கூட அடைச்சிட்டுத்தான் போனாரு. புயல் ஒரு சுத்து சுத்திட்டு, நெழல்ல படுத்துத் தூங்கிருச்சு. கவனம் பூரா வேட்டையில.

சலதாரைக்கு வெளிய தொரட்டி குரல். "தாயி, இந்தக் கல்லுல ஒண்ணு ஆடுது."

நாச்சி எந்திரிச்சு உக்காந்தா. அந்த நேரத்துல அவ கிளைய முழுசா ஒருக்கா மனசுக்குள்ள சொல்லிப் பாத்தான்னு சொல்லுவாங்க. சூறை வந்த இடத்துலயெல்லாம் அவளுக்குத் தடங்குச்சு. கடைசியா, "அது ஆடுறது எனக்கு முன்னமே தெரியும்"னா.

தொரட்டி உள்ள வந்தான்.

திரும்பிப் போறப்ப அவன்தான் முதல்ல தரையப் பாத்தான். சலதாரையில இருந்து வேப்பமரம் மட்டும், வேப்பமரத்துல இருந்து சலதாரை மட்டும், கரியில பூ வரைஞ்ச மாதிரி அவன் தடம்.

"சாயங்காலம் உங்க அய்யா வந்து கேப்பாரே. என்ன சொல்லுவீங்க?"

"கேட்டா உள்ளதைத்தான் சொல்லுவேன். வேற சொல்ல எனக்கு வராதே."

"சொன்னா?"

"பிள்ளைகளைக் கிணத்துல போட்டுருவாரு. வீட்டு வழக்கம் அது."

தொரட்டி வழக்கமா எதுக்கும் ஒரு கேலி வச்சிருப்பான். அதுக்கும் வச்சிருந்தான். "அப்ப கேக்கும்போது வாயில வேற என்னமாச்சும் வச்சுக்கிடுங்க, தாயி. வாய் நிறைய இருந்தா எப்படிப் பேசுறது?"

சொல்லிட்டுப் பூந்து போயிட்டான். மறுநாளே கிடை கிளம்பி அடுத்த ஊருக்குப் போயிருச்சு.

நாச்சி தடத்தைப் பாத்தா. கால்ல தேச்சா தேச்ச தடம் விழுது. வாலால கூட்டுனா கூட்டுன தடம் விழுது. அப்புறம் அவ தலையக் குனிஞ்சு, முதத் தடத்தை நாக்கால நக்குனா. அடுத்ததை நக்குனா. கொல்லுப் பட்டறைக் கரி, தொண்டைய அறுக்கும். நக்கி நக்கி முழுங்குனா. வேப்பமரம் மட்டும் போயி, திரும்பச் சலதாரை வந்து, கடைசித் தடம் போற மட்டும் நிறுத்தல. தரை வெள்ளைக் காரையா மின்னுச்சு. நாச்சியோட நாக்கு, ஈறு, மேலண்ணம் பூரா கன்னங்கரேர்னு ஆயிருச்சு. அன்னைக்குத்தான் அவ வயித்துல உண்டான உசுருகளுக்கும் அந்தக் கரி போய்ச் சேந்துச்சு. எப்படின்னு கேக்கப்படாது. அந்தக் காலத்துல போய்ச் சேந்துச்சு.

தடம் போச்சு. ஆனா கரியும் போச்சே. மெத்தை மாதிரி இருந்த இடம் இப்ப துடைச்சு வச்ச தட்டு. இதை யோசிக்காம விட்டது நாய்ப் புத்தி.

முதல்ல திரும்பி வந்தது வடிவு. கஞ்சிச் சட்டியோட கதவத் திறந்தவ அப்படியே நின்னா. வெளுத்த தரையப் பாத்தா. ஆடுற கல்லைப் பாத்தா. தூங்குற புயலைப் பாத்தா. நாச்சியோட கறுத்த மூஞ்சியப் பாத்தா. அப்புறம் அவ கண்ணும் முருங்கை மரத்துப் பக்கம் போச்சு.

ஒரு வார்த்தை கேக்கல. கேட்டா நாச்சி சொல்லிருவான்னு அவளுக்குத் தெரியும். முந்தானையத் தண்ணியில நனைச்சு நாச்சி மூஞ்சியத் துடைச்சா. கல்லைக் காலால தள்ளிச் சரியா வச்சா. மூலையில இருந்த கூடையில கரி அள்ளித் தூவி, முறத்தால நிரவி விட்டா. அதுக்கப்புறம், "கஞ்சியக் குடி"ன்னா. அது கேள்வி இல்ல, பாருங்க.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்தாரு. தடம் பாத்தாரு. சுத்தம். ரொம்பச் சுத்தமா இருக்கேன்னு ஒரு சந்தேகம். நாச்சி தலையில கைய வச்சாரு. "யாரு வந்தா?"

நாச்சி வாயில ஒரு எலும்பு. மென்னா.

"ஏளா, உன்னத்தான். யாரு வந்தா?"

மென்னுக்கிட்டே இருந்தா. பரிசம் நல்லபடியா முடிஞ்ச சந்தோசத்துல அவரு போயிட்டாரு. மறுநாளும் கேட்டாரு. எலும்பு தீந்து போச்சு, நாச்சி ஒரு கல்லைக் கவ்விக்கிட்டிருந்தா. அதுக்கு மறுநாள் வாயில ஒண்ணும் இல்ல. வாய மட்டும் இறுக்கி மூடியிருந்தா. அப்பதான் அவளுக்கே தெரிஞ்சது, எலும்பும் வேண்டாம், கல்லும் வேண்டாம்னு. பொய்தான் அவளுக்கு வராது. பேசாம இருக்க வரும்.

வீட்டுக்காரர் அவளைச் சந்தேகப்பட்டாரான்னா, அதுதான் இல்ல. "எவனோ நம்ம நாய்க்கு வாய்க்கட்டு மந்திரம் போட்டுட்டான்"னாரு. நாச்சி கழுத்துல தாயத்துக் கட்டுனாரு. போட்டவன் யாருன்னு ஊரு பூரா சந்தேகப்பட்டாரு. வண்ணான் வீட்டு வாசல்ல ரெண்டு நாள் நின்னு முறைச்சாரு.

நாச்சி குட்டி போட்டா. இந்தத் தடவை மூணு. ரெண்டு அவளை மாதிரி வெள்ளை. ஒண்ணு புலி வரி, தடிச்ச காலு, வாலு பாதியில மடக்கு.

வடிவு சட்டிய எடுக்கப் போயி, கை நழுவி மூடி கீழ விழுந்து கணீர்னு சத்தம். மூணு குட்டியும் ஒரே நேரத்துல துள்ளுச்சு. நாச்சி பாத்தா. வடிவும் பாத்தா. வடிவு மூடிய எடுத்து, வேணும்னே இன்னொரு தடவை போட்டா. மறுபடி மூணும் துள்ளுச்சு. வடிவு அங்கயே குத்த வச்சு உக்காந்து சிரிச்சா. சிரிச்சிட்டு மூக்கைச் சிந்துனா.

காது கேக்குது. எல்லாத்துக்கும் கேக்குது.

நாச்சி புலி வரிக் குட்டியோட காதுல வாய வச்சா. பேரு நாக்கு நுனியில வந்து நின்னுச்சு. இந்த ஈத்துக்குன்னே யோசிச்சு வச்சிருந்த பேரு. அதைச் சொன்னா பேச்சு வரும். பேச்சு வந்தா, வீட்டுக்காரர் தலையில கைய வச்சு, "ஏலேய், உங்க அப்பன் யாரு?"ன்னு கேப்பாரு. அது நாய்க்குட்டி. உள்ளதைச் சொல்லிரும்.

வாய எடுத்துட்டா. குட்டியோட காதை நக்கி விட்டா. அம்புட்டுதான். மூணோட கண்ணும் திறந்துச்சு. எதுக்கும் பேரு இல்ல.

குட்டிக ஓடியாடுற பருவத்துல சம்பந்தி வந்தாரு. பேரு வெயிலுமுத்து. சீர்க்குட்டிய எடுத்துட்டுப் போகத்தான் வந்தது. அணைஞ்சபெருமாளுக்குச் சந்தேகம் தொழில்னா, இவருக்கு அது பரம்பரை. பந்தியில இலைய ரெண்டு பக்கமும் திருப்பிப் பாத்துட்டுத்தான் சாப்பிட உக்காருவாரு.

குட்டிகளைச் சுத்தி வந்தாரு. புலி வரிக்கிட்ட நின்னுட்டாரு.

"சம்பந்தி, இது என்ன நிறம்?"

"அது வளர வளர வெளுத்துரும்."

"வாலு?"

"வளர வளர நிமிந்துரும்."

"நீங்க சொல்றதப் பாத்தா வளந்து வேற நாயாயிரும் போல இருக்கே. எதுக்கு நமக்குள்ள பேச்சு? தாயக் கேட்டுருவோம்."

"அதுக்கு எவனோ வாய்க்கட்டு..."

"ஓ!" வெயிலுமுத்து வெத்தலைய ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கத்துக்கு மாத்துனாரு. "சரியா இந்த ஈத்துல வாய்க்கட்டு. நிறம் மாறுன ஈத்துல. நல்ல மந்திரவாதி, சம்பந்தி. நாளு பாத்துத்தான் போட்டிருக்கான்."

அணைஞ்சபெருமாளுக்கு மூஞ்சி செத்துப் போச்சு. மெல்லத் திரும்பி நாச்சியப் பாத்தாரு. இத்தனை வருசமா ஊரையே சந்தேகமாப் பாத்த கண்ணு. அதை இப்பதான் முதல் தடவையா அவ மேல திருப்புனாரு. நாச்சி அதைப் பாத்தா. அடி பட்டிருந்தாக்கூட அம்புட்டு வலிச்சிருக்காது.

"நாச்சி, இது யார் பிள்ளை?"

வாய் மூடியே இருந்துச்சு.

அவர் புலி வரிய பிடரியில பிடிச்சுத் தூக்குனாரு. கிணத்தடிக்குப் போனாரு. கைய நீட்டுனாரு. குட்டி காலை உதறிக்கிட்டு, கீழ தெரியுற தண்ணியப் பாத்துட்டு, புது இடம் பாத்த சந்தோசத்துல மடக்கு வாலை ஆட்டுச்சு.

"சொல்லுளா. சொல்லலைன்னா இது ஒண்ணு. புயல் இல்லாம வேற பேரச் சொன்னா மூணும். யார் பிள்ளை?"

சொன்னா மூணு. சொல்லாட்டி ஒண்ணு. நாச்சிக்குத் தொண்டை வரைக்கும் வந்துருச்சு. குட்டிக்கு யோசிச்சு வச்ச பேரு, தொரட்டி பேரு, எல்லாம் ஒண்ணா வந்து முட்டுச்சு. வாய் தன்னால திறந்துச்சு. அகலமாத் திறந்துச்சு. சத்தம் மட்டும் வரல. உள்ள பிடிச்சு வச்சிருந்தா.  அப்படியே வாயத் திறந்துக்கிட்டு நின்னா.

"இந்தாங்க!"ன்னு ஒரு குரல். வடிவு. ஓடி வந்து நாச்சி தாடையப் பிடிச்சா. "வாயப் பாருங்க! மேலண்ணத்தைப் பாருங்க!"

ரெண்டு பேரும் குனிஞ்சு பாத்தாங்க. கன்னங்கரேர்னு இருந்துச்சு. வெயிலுமுத்து விரல விட்டுத் தேச்சுப் பாத்தாரு. ஒட்டல. ஊறிப் போன கரி.

"அந்தக் குட்டியக் குடுங்க"ன்னு வடிவு புருசன் கையில இருந்து வாங்குனா. கிணத்தை விட்டுத் தள்ளி வந்துதான் அதோட வாயத் திறந்தா. அங்கயும் கறுப்பு. மத்த ரெண்டையும் பிடிச்சுத் திறந்தா. கறுப்பு, கறுப்பு.

"எங்க மாமனார் சாகுறதுக்கு முன்னால என்ன சொன்னாரு? 'அசல் கிளைக்கு அண்ணம் கறுத்திருக்கும். நிறத்தைப் பாக்காதீங்க, வாலைப் பாக்காதீங்க, வாயத் திறந்து அண்ணத்தைப் பாருங்க'ன்னு சொல்லல? நீங்களும் பக்கத்துலதான இருந்தீங்க?"

மனுச நாக்குக்கு வளைவு இருக்கு. நல்ல நேரத்துக்கு அது உதவுச்சு.

அணைஞ்சபெருமாளுக்கு அப்பா அப்படிச் சொன்னதா ஞாபகம் இல்ல. அப்பா சாகுறப்ப மோர் கேட்டதுதான் ஞாபகம். ஆனா சம்பந்தி மூஞ்சியப் பாத்தாரு. சம்பந்தி இவர் மூஞ்சியப் பாத்தாரு. தொண்டையச் செருமிக்கிட்டு, "ஆமா. சொன்னாரு. ரெண்டு தடவை சொன்னாரு"ன்னாரு.

வெயிலுமுத்துக்கு அத்தோட விட மனசு வரல. நேரா போயி, தூங்கிட்டிருந்த புயல் வாயத் திறந்து பாத்தாரு. ரோசாப்பூ மாதிரி சிவப்பு.

"இது சிவப்பா இருக்கே, சம்பந்தி?"

அணைஞ்சபெருமாள் புயலைப் பாத்தாரு. பால் வெள்ளை, ஊசி மூஞ்சி, அப்பனும் தாத்தாவும் ஒரே ஆளு. "அதுவா? அது மேல எனக்கு எப்பவுமே ஒரு சந்தேகம் உண்டு"ன்னாரு.

வெயிலுமுத்து புலி வரியவே கேட்டு வாங்கித் தோளுல போட்டுக்கிட்டாரு. வண்டியில ஏறும்போது அவர் மூஞ்சி சரியில்ல. அவர் வீட்டுல அஞ்சு நாய் இருக்கு. அஞ்சோட வாயையும் இதுவரைக்கும் திறந்து பாத்ததில்ல.

வண்டி நகந்துச்சு. குட்டி அவர் தோளுக்கு மேல எட்டி நாச்சியப் பாத்துச்சு. வாயத் திறந்துச்சு. "வள்"னுச்சு. அதுக்குத் தெரிஞ்சது அதுதான். நாச்சியும் என்னமோ சொல்ல வாயெடுத்தா. யோசிச்சா. அவளும் "வள்"னா. வண்டி முக்கு திரும்புற மட்டும் சொல்லிக்கிட்டே இருந்தா. அதுக்கப்புறம் அவ வேற வார்த்தை பேசல. அம்புட்டு ஆசையா சொல்ற கிளையையும் சொன்னதில்ல.

வெயிலுமுத்து ஊருல அன்னைக்கே அஞ்சு வாயும் திறந்தாச்சு. மறுநாள் பக்கத்து வீட்டு நாய் வாய் திறந்தாச்சு. அப்புறம் பக்கத்து ஊரு. கறுத்த அண்ணத்துக்கு விருந்து, சிவந்த அண்ணத்துக்குச் சந்தேகம். தாயக் கேக்குறதை எல்லாரும் விட்டுட்டாங்க. கேட்டாலும் பதில் வரல. ஏன்னா தொரட்டிக்குச் சேதி எப்படியோ எட்டிருச்சு. அவன் கிடையோட ஊர் ஊராப் போற ஆளு. போற ஊருலயெல்லாம் ஈனப் போற பொட்டை நாய்களாத் தேடிப் பிடிச்சு, ஒரே ஒரு சேதி சொல்லிட்டுப் போனான்: "கேட்டா வாயத் திறக்காதீங்க. குட்டிக்கும் பேச்சு குடுக்காதீங்க." எல்லாருக்கும் சொல்லி முடிச்ச பிறகு, அவனும் பேச்சை விட்டுட்டான்.

அடுத்த அறுப்புக்குக் கிடை திரும்ப ஊமத்தம்பட்டிக்கு வந்துச்சு. அப்ப சுவத்துக் கதவு சாத்துறதில்ல. அண்ணத்துல அடையாளம் இருக்கும்போது காவல் எதுக்கு? நாச்சி தெருவுல நின்னா. தொரட்டி வந்தான். "நீ எந்தக் கிளை?"ன்னு அவளும் கேக்கல, "நல்லாருக்கீங்களா, தாயி?"ன்னு அவனும் கேக்கல. நாச்சி அவனைச் சுத்தி வந்து, வாலுக்கு அடியில மூக்கை வச்சு மோந்து பாத்தா. அவனும் அவளை மோந்து பாத்தான். சொல்ல வேண்டியது எல்லாம் அங்கயே இருந்துச்சு. மனுசன் குனிஞ்சு பாக்காத இடம் அது ஒண்ணுதான்.

அன்னையில இருந்துதான் குட்டி வாங்கப் போற மனுசன் அதோட வாயத் திறந்து மேலண்ணத்தைப் பாக்குறான். கறுப்பா இருந்தா, "அசல் கிளை, ஒரு சொட்டு கலப்பில்ல"ன்னு தோளுல போட்டுக்கிட்டுப் போறான். பக்கத்துல படுத்திருக்கிற தாய் நாய் அவனை ஒரு தடவை ஏறிட்டுப் பாத்துட்டு, வாய இறுக்கி மூடிக்கிடுது.